பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்கள்: விதியா? கவனக்குறைவா?

(தொலைக்காட்சிக் கருத்துமேடையில் மேற்கண்ட தலைப்பில், தெங்கேராவிலிருந்து வந்து கலந்துகொண்ட பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



2004-ஆம் ஆண்டு ஜூலை 17, சனிக்கிழமை காலை. தெங்கேராவில் நாங்கள் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில் நாளிதழ் கை மாறிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் கும்பகோணம். பள்ளிக்கூடத்தில் தீ. வரிசையாகக் கிடத்தப்பட்ட சின்னஞ்சிறு உடல்கள். யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "என்ன செய்வது, அதுகளோட விதி" என்றார்.

தோசை சுட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். "விதின்னா எப்படிங்க? அடுப்புக்குப் பக்கத்துல கீத்துக் கொட்டகை போட்டது விதியா, ஆளா?" என்று கேட்டார்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து, அந்த அக்காவின் கேள்விக்குத்தான் இந்த மேடையில் வரலாற்றிலிருந்து பதில் தேடுகிறேன்.

காசிராமன் தெருவில் நடந்தது

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய இளையோர் பலருக்கு இந்தச் செய்தி தெரியாது.

கும்பகோணம் கோயில் நகரம். மகாமகக் குளமும் காவிரியும் உள்ள ஊர். அங்கே காசிராமன் தெருவில் ஒரு கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன. அவற்றுள் ஒன்று அரசு நிதியுதவி பெற்ற ஸ்ரீ கிருஷ்ணா தொடக்கப் பள்ளி. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்துப் படித்தார்கள். மாடியில் வகுப்புகள் நடந்த பகுதிக்குக் கீற்றுக் கூரை. சத்துணவு சமைக்கும் இடமும் அதே வளாகத்தில்தான் இருந்தது.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. மதிய உணவு சமைக்க மூட்டிய அடுப்பிலிருந்து தீ கீற்றில் பற்றியது. காய்ந்த கீற்று எப்படி எரியும் என்று நம் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாடிக்கூரை பற்றி, எரிந்த கீற்றும் மூங்கிலும் பிள்ளைகள் மேலேயே சரிந்தன. இறங்குவதற்கு ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு. தீ அணைந்தபோது 94 பிள்ளைகள் போய்விட்டார்கள். அத்தனை பேரும் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள். ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒரே நாளில் இழந்த வீடுகளும் உண்டு.

காலையில் தலை வாரிப் பொட்டு வைத்து அனுப்பிய பிள்ளையைப் பிற்பகலில் மருத்துவமனையில் அடையாளம் காட்டச் சொன்னால், ஒரு தாய் எதை வைத்துக் காட்டுவாள்? அந்த இடத்தில் நான் நிற்க விரும்பவில்லை. உங்களையும் நிறுத்த விரும்பவில்லை. அன்று அந்த ஊரே ஒரு வீடாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். யார் பிள்ளை, என்ன சாதி, என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை.

தீர்ப்புக்காகப் பத்து ஆண்டுகள்

ஊர் அழுதது ஒரு வாரம். அதன் பிறகு பெற்றோர் தனித்து நின்றார்கள். வரலாறு உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அரசு, நீதிபதி கே. சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பள்ளிகளில் இருந்த கீற்றுக் கூரைகளை அகற்றச் சொல்லித் தமிழ்நாடு முழுவதும் உத்தரவு போனது. ஆனால் குற்ற வழக்கு நகரவில்லை. நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை தொடங்கவே 2012 ஆகிவிட்டது. எட்டு ஆண்டுகள்! அன்று உயிர் தப்பி, உடம்பெல்லாம் தழும்போடு வளர்ந்த பிள்ளைகள் அதற்குள் மேல்நிலைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்விட்டார்கள்.

2014 ஜூலை 30-ஆம் நாள் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. விசாரிக்கப்பட்ட 21 பேரில் 10 பேர் குற்றவாளிகள், 11 பேர் விடுதலை. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. தண்டிக்கப்பட்டவர்களில் கல்வித் துறை அலுவலர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுப்பு மூட்டியவரோடு விஷயம் முடியவில்லை. அந்தக் கட்டடத்தைப் பார்த்தும் பள்ளி நடத்த அனுமதித்த கையெழுத்துக்கும் பொறுப்பு உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2017-இல், மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவனரின் ஆயுள் தண்டனையை அவர் ஏற்கெனவே சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது. வேறு பலர் விடுதலை பெற்றார்கள். சட்டத்தின் கணக்கு வேறு, பெற்ற வயிற்றின் கணக்கு வேறு. இரண்டும் ஒத்துப்போவது அரிது.

அப்படியானால் அந்தப் பெற்றோர் தோற்றுவிட்டார்களா? இல்லை என்பதே என் கட்சி. கும்பகோணம் தீ விபத்தை அடிப்படையாக வைத்து இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு நடந்தது. 2009 ஏப்ரலில் அதில் தீர்ப்பு வந்தது. கல்வி பெறும் உரிமை என்றால், பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமை என்றே பொருள் என்று நீதிமன்றம் சொன்னது. எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், கட்டட விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இந்தியா முழுவதும் இன்று பள்ளிக்குப் போகும் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்த 94 பிள்ளைகள் விட்டுச் சென்ற உரிமை அது. எல்லா ஊரிலும் அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்பது வேறு கேள்வி. கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்பதே பெரிய செய்தி.

மணியடித்த பசு

கும்பகோணத்திலிருந்து அதிக தூரமில்லை திருவாரூர். மனுநீதிச் சோழன் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர். நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் படித்த கதைதான். அரசகுமாரனின் தேர்ச் சக்கரத்தில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை அடித்தது. இலங்கையின் மகாவம்சம் இதே கதையை எல்லாளன் மீது ஏற்றிச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, பாண்டியன் அவையில் தன் ஊரின் பெருமையாக முதலில் எடுத்துச் சொல்வதில் இந்தக் கதையும் உண்டு.

இந்தக் கதையில் நாம் எப்போதும் அரசனைத்தான் புகழ்வோம். மகனையே தேர்க்காலில் இட்டவன் என்று மெச்சுவோம். அந்தப் பசுவை யாரும் புகழ்வதில்லை. கன்று போன பிறகு அது மரத்தடியில் படுத்துக் கண்ணீர் விட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படியே இருந்திருந்தால் அரசனுக்கு நடந்தது தெரிந்திருக்காது. இன்னொரு நாள் இன்னொரு கன்று அதே சக்கரத்தில் மாட்டியிருக்கும். துயரத்தில் எழுந்து நடந்து மணிக் கயிற்றைப் பிடித்தது அந்தப் பசு. நீதி என்பது அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

விதி என்று சொல்வதற்கும் மணி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். விதி என்று சொன்னால் கேள்வி முடிந்துபோகிறது. மணி அடித்தால் கேள்வி பிறக்கிறது.

மற்ற நாடுகள் கற்றது

இது நம் இனத்துக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. மூன்று நாடுகளின் மூன்று ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, இங்கிலாந்தில் சண்டர்லாந்து. 1883 ஜூன் 16. விக்டோரியா மண்டபத்தில் பிள்ளைகளுக்கான வேடிக்கைக் காட்சி. முடிவில் மேடையில் பரிசுப் பொருள் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மாடியில் இருந்த பிள்ளைகள் படிக்கட்டில் ஓடி இறங்கினார்கள். கீழே இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. அதையும் ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து தாழிட்டு வைத்திருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் நெருக்க, முன்னால் இருந்தவர்கள் நசுங்கினார்கள். 183 பிள்ளைகள். தீ இல்லை, வெள்ளம் இல்லை. ஒரு கதவு, அவ்வளவுதான். மக்கள் கூடும் இடங்களில் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்ற விதி வலுப்பெற்றது அதற்குப் பிறகுதான். இன்று பேரங்காடியிலும் திரையரங்கிலும் குறுக்கே ஒரு கம்பி வைத்த கதவைப் பார்க்கிறோம் அல்லவா? உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும். அந்தக் கதவின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். 1937 மார்ச் 18. பள்ளிக்கூடத்தின் அடியில் எரிவாயு கசிந்து தேங்கியிருந்தது. இயற்கை எரிவாயுவுக்கு வாடை கிடையாது, யாருக்கும் தெரியவில்லை. ஒரு சிறு பொறியில் கட்டடமே வெடித்துச் சிதறி, ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அம்மாமார்களே, சமையலறையில் கேஸ் கசிந்தால் ஒரு கெட்ட வாடை வருகிறதே, அது கேஸின் சொந்த வாடை இல்லை. நம்மை எச்சரிக்கச் சேர்த்தது. அப்படிச் சேர்க்கும் வழக்கம் உலகெங்கும் பரவியதற்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, வேல்ஸ் நாட்டில் அபர்ஃபான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நம் தோட்டம் போன்ற ஊர். நமக்கு ரப்பர், அவர்களுக்கு நிலக்கரிச் சுரங்கம். சுரங்கத்தில் வெட்டிய கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டிக் கொட்டிக் குன்றாக்கி வைத்திருந்தார்கள். கீழே ஊற்று ஓடுகிறது, ஆபத்து என்று உள்ளூர் மக்கள் முன்பே எச்சரித்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 1966 அக்டோபர் 21 காலை, பள்ளி தொடங்கிய சற்று நேரத்தில், அந்தக் கழிவுக் குன்று சேறாகச் சரிந்து தொடக்கப் பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். சுரங்கத்தில் வேலை செய்த தகப்பன்மார்களே மேலே ஏறி வந்து, மண்ணைத் தோண்டித் தங்கள் பிள்ளைகளை எடுத்தார்கள்.

இறப்புக்குக் காரணம் என்னவென்று அதிகாரி வாசித்தபோது ஒரு தகப்பன் எழுந்து நின்றார். மூச்சுத் திணறல் என்று எழுத வேண்டாம், தேசிய நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று எழுதுங்கள் என்றார். விசாரணை மன்றமும் பொறுப்பு அந்த வாரியத்துடையதுதான் என்று முடிவு சொன்னது. அதன் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய நிவாரண நிதி இருந்தது. பெற்றோருக்குப் பணம் தருவதற்கு முன், பிள்ளையோடு அவர்கள் எவ்வளவு பாசமாக இருந்தார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது! மிச்சமிருந்த கழிவுக் குன்றுகளை அகற்றும் செலவுக்கு, அந்த நிதியிலிருந்தே 150,000 பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். ஊர் மக்கள் அதை மறக்கவில்லை. 1997-இல் அந்தத் தொகை திரும்பி வந்தது. போதாது என்றார்கள். 2007-இல் வேல்ஸ் அரசு மேலும் 15 லட்சம் பவுண்டு கொடுத்தது. நாற்பது ஆண்டுகள் மணியடித்திருக்கிறார்கள்.

நம் தோட்டங்களில்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் முன்னோர் இந்த மண்ணில் பறிகொடுத்த பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை.

காடு வெட்டித் தோட்டம் போட்ட அந்தக் காலத்தில் காய்ச்சல் வந்து லயம் லயமாகப் பிள்ளைகளைக் கொண்டுபோனது. காட்டுக்காய்ச்சல், பேய்க்காற்று, கண்ணேறு என்று ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். கோழி அறுத்தார்கள், தாயத்து கட்டினார்கள். சிறு பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதானே நம் வழக்கம்? ரப்பர் மரங்களுக்கு அப்பால் ஒரு சிறு மேடு. அதன் மேல் ஒரு கல். அடுத்த நாள் காலையில் பிரட்டுக்குப் பேர் கொடுக்கப் போக வேண்டும். அழுவதற்கும் அவர்களுக்கு விடுப்பு இல்லை.

கொசுதான் மலேரியாவைக் கொண்டுவருகிறது என்பதை 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார். அதை வைத்து 1901-இல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடியவிட்டார். கிள்ளான் நகரில் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. விதி என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது, வடிகால் வெட்டாத குறையாக முடிந்தது! ஆனால் அந்த அறிவு எல்லாத் தோட்டத்துக்கும் உடனே போய்ச் சேரவில்லை. வடிகாலுக்குச் செலவாகும், ஒரு கூலி போனால் இன்னொரு கூலி வருவான். இந்தக் கணக்கு முடியும் வரை எத்தனை பிள்ளைகள் போயின என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை.

அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அடிப்பதற்கு மணியே இல்லை. விதி என்ற சொல் அவர்களுக்கு ஒரு போர்வை. குளிருக்குப் போர்த்திக்கொண்டார்கள். அந்தப் போர்வையை இன்று பொறுப்பில் இருப்பவர்கள் எடுத்து மூடிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் வாதம்.

நம் நாட்டிலும் நடந்தவை

1989 செப்டம்பர் 22. கெடா, குவார் செம்பெடாக்கில் ஒரு சமயப் பள்ளியின் மர விடுதியில் நள்ளிரவுக்குப் பின் தீப்பற்றி 27 மாணவிகள் இறந்தார்கள். நாடே அழுதது.

2009 அக்டோபர் 26. பேராக், கோலா டிப்பாங்கில் பள்ளி மாணவர் முகாம். கம்பார் ஆற்றின் மேல் புதிதாகக் கட்டிய தொங்குபாலம் இரவில் அறுந்து விழுந்தது. மூன்று சிறுமிகளை ஆறு கொண்டுபோனது. மூவரும் நம் தமிழ்ப் பிள்ளைகள். தீபாவளி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வீட்டில் பலகாரம்கூடத் தீர்ந்திருக்காது.

2017 செப்டம்பர் 14. கோலாலம்பூரில் ஒரு தாஃபிஸ் பள்ளி. விடியற்காலையில் வைக்கப்பட்ட தீயில் 21 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் மாண்டார்கள். சன்னல்களில் இரும்புக் கிரில். இன்னொரு வழியை ஒரு தடுப்பு அடைத்துவிட்டிருந்தது. பிள்ளைகள் கிரிலைப் பிடித்துக்கொண்டு கத்தியதை அக்கம்பக்கத்தார் கேட்டார்கள்.

கும்பகோணத்தில் ஒரே படிக்கட்டு. சண்டர்லாந்தில் ஒரே கதவு. கோலாலம்பூரில் அடைபட்ட வழி. ஆண்டும் நாடும் மதமும்தான் மாறுகின்றன. பிள்ளைகள் மாட்டிக்கொண்ட இடம் மாறவில்லை. தீயை யார் வைத்தாலும், எப்படிப் பற்றினாலும், ஓடி வர வழி இருந்தால் பிள்ளை வீடு வந்து சேரும்.

எதிரணி நண்பர் கேட்பார்: "சுனாமிக்கு யாரைக் குற்றம் சொல்வீர்கள்?" நியாயமான கேள்வி. கும்பகோணம் தீ நடந்து ஐந்தே மாதத்தில், 2004 டிசம்பர் 26-இல், அதே சோழ நாட்டின் கடற்கரையைக் கடல் வாரிச் சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அதில் பிள்ளைகள் ஏராளம். நம் நாட்டிலும் 68 பேர் இறந்தார்கள். கடலை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. பசிபிக் பெருங்கடலில் பல ஆண்டுகளாகவே இருந்தது. அலை விதியாக இருக்கலாம். சொல்ல ஆள் இல்லாதது விதி இல்லை. அதன் பிறகு இந்தியப் பெருங்கடலுக்கும் எச்சரிக்கை ஏற்பாடு வந்துவிட்டது.

துக்கப்படுகிறவர்களோடு எப்படி இருப்பது?

இதுவரை நியாயத்தைப் பேசினேன். இனி கொஞ்சம் மனத்தைப் பேசலாம். பிள்ளையை இழந்த வீட்டுக்குப் போகிறோம். என்ன சொல்வது என்று தெரியாமல், "உனக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறதே", "வயது இருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்", "கடவுளுக்குப் பிடித்த பிள்ளை" என்று எதையாவது சொல்லிவிடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தத் தாய்க்கு அது எப்படி இருக்கும்? ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகுமா?

சுனாமியில் பிள்ளைகளை எல்லாம் இழந்த தாய்மார்கள் பலர், ஏற்கெனவே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். விரும்பியவர்கள் மீண்டும் கருத்தரிக்க மறு அறுவைச் சிகிச்சைக்குத் தமிழ்நாடு அரசு உதவியது. சிலருக்குக் குழந்தை பிறந்தது. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் பிறந்தது புதுப் பிள்ளை. போனது போன பிள்ளைதான். இரண்டுக்கும் வேறு வேறு இடம் மனத்தில் வேண்டும்.

கும்பகோணத்துப் பெற்றோர் அந்த இடத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று காசிராமன் தெருவில், பள்ளி இருந்த கட்டடத்தின் முன் பிள்ளைகளின் படங்களை வைக்கிறார்கள். மாலை போட்டு, அந்தப் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தைப் படைக்கிறார்கள். பாலக்கரையில் உள்ள நினைவிடத்துக்குப் போகிறார்கள். மாலையில் அகல் விளக்கேந்தி நடந்து, மகாமகக் குளத்தில் மோட்ச தீபம் ஏற்றுகிறார்கள். இருபது ஆண்டுகள் கடந்தும் வருகிறார்கள். படத்தில் உள்ள பிள்ளைக்கு இன்னும் அதே எட்டு வயது. படத்தைப் பிடித்திருக்கும் கை மட்டும் கிழடாகிவிட்டது.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்தான் நினைவுக்கு வரும். தெங்கேராவுக்குப் பக்கத்திலேயே காஜா பேராங்கில் மலாக்கா செட்டிகள் வாழ்கிறார்கள். பல தலைமுறைக்கு முன்பே அவர்கள் வீட்டில் தமிழ் பேச்சுமொழியாக இல்லாமல் போய்விட்டது, மலாய்தான் பேசுகிறார்கள். ஆனால் ஆண்டு தவறாமல், பொங்கலுக்கு முன்னும் ஆண்டின் நடுவிலும், போனவர்களுக்கு வாழையிலையில் படையல் போடுகிறார்கள். பார்ச்சு என்று அதற்குப் பெயர். மொழி போனது, படையல் போகவில்லை. போனவர்களுக்கு ஓர் இலை போடுவது அவ்வளவு ஆழமான தேவை.

ஆகவே துக்க வீட்டுக்குப் போகும்போது நாம் செய்ய வேண்டியது எளிது. பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் தாய் அழுவாளே என்று பயப்படாதீர்கள். அவள் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருக்கிறாள். யாரும் பெயரையே எடுக்காவிட்டால்தான் பிள்ளை இரண்டாம் முறை போகிறது. முதல் வாரம் மட்டும் போகாதீர்கள். ஆறாவது மாதம் போங்கள், அடுத்த தீபாவளிக்குப் போங்கள். கூடப் படித்த பிள்ளைகளையும் மறக்காதீர்கள். "நான் ஏன் தப்பித்தேன்" என்ற கேள்வியைச் சுமந்துகொண்டு வளரும் பிள்ளைகள் அவர்கள்.

நம் கையில் இருப்பது

முடிவாக ஒன்று. நீதிமன்றமும் ஆணையமும் நடந்து முடிந்த பிறகு வருபவை. நடக்கும் முன்பே செய்யக்கூடியது நம் கையில் இருக்கிறது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம் நடக்கிறது. யார் தலைவர், யார் செயலாளர் என்ற போட்டியிலேயே பாதி நேரம் போகிறது. அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்வி கேளுங்கள். மாடி வகுப்பிலிருந்து இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா? கதவும் கிரிலும் பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? சிற்றுண்டிச் சாலையில் கேஸ் தோம்பு எங்கே வைத்திருக்கிறார்கள்? பொம்பா கடைசியாக எப்போது வந்து பயிற்சி கொடுத்தது? பாலர் பள்ளிக்கும், கோயில் மண்டபத்து டியூஷன் வகுப்புக்கும் இதே கேள்விகள்தான்.

வீட்டிலும் பாருங்கள். திருடனுக்குப் பயந்து சன்னலுக்கெல்லாம் கிரில் போட்டிருக்கிறோம். பூட்டைப் பூட்டிச் சாவியை அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்குகிறோம். இரவில் புகை வந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியுமா? இன்றே சொல்லிக் கொடுங்கள். இன்றே ஒரு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் சொல். விதியை நம்பியவர்கள்தான் அவர்களும். இருந்தும் அணை போடச் சொன்னார்கள்.

தெங்கேராவில் அந்த ஒட்டுக்கடை இப்போது இல்லை. அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இன்று என்னால் பதில் சொல்ல முடியும். அக்கா, அடுப்புக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டது ஆள்தான். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் ஆள்தான். அதைப் பிரிக்கச் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.